ஹெரிடேஜ் ரயில்வேல ஸ்டீம் எஞ்சின் ஓவர்ஹால் பொறுப்பு உங்க கைக்கு வந்தா: முதல் நாள்ல இருந்து என்ன பண்ணணும்

இங்கிலாந்துல ஒரு ஹெரிடேஜ் ரயில்வேல (பழைய லைனையும் ஸ்டீம் எஞ்சின்களையும் பாதுகாத்து ஓட்டற ரயில்வே) நான் ஒன்பது வருஷமா வாலண்டியரா இருக்கேன். சொந்த ஊர் மேட்டுப்பாளையம் பக்கம், ஊட்டி ரயிலோட எக்ஸ் கிளாஸ் எஞ்சின் ஹில்குரோவ்ல தண்ணி பிடிக்கிறத பாத்துப் பாத்து வளர்ந்தவன், அதனால இங்க வந்ததும் ஞாயித்துக்கிழமைன்னா ஷெட்டுக்குப் போயிடுவேன். மூணு வருஷம் எண்ணெய் துடைச்சு, சாம்பல் அள்ளி, அப்புறம் ஒரு நாள் கமிட்டில கூப்பிட்டு ஓவர்ஹால் (எஞ்சின முழுசா கழட்டி, சரிபண்ணி, திரும்ப மாட்டறது) பிளானிங், பேப்பர், பணக் கணக்கு எல்லாத்தையும் பாத்துக்கச் சொல்லிட்டாங்க. சொல்லித்தர ஆள் இல்ல. தப்புப் பண்ணி, எஞ்சின் நின்னு, அப்புறம்தான் ஒவ்வொண்ணா கத்துக்கிட்டேன். இப்ப வேற ரயில்வேல இருக்கற நம்மாளுங்க ரெண்டு மூணு பேர் ஃபோன் பண்ணி இதே கேள்விகளத்தான் கேக்கறாங்க, அதான் மொத்தமா எழுதிடலாம்னு உக்காந்தேன். சட்டம் சம்பந்தமா சொல்றது எல்லாம் பிரிட்டன் சட்டம், வேற நாட்டுல இருக்கறவங்க உங்க ஊர் விதிய பாத்துக்கோங்க.

1. எஞ்சின் யாருதுன்னு முதல்ல கேளுங்க

ஷெட்ல நிக்கிற எஞ்சின் எல்லாம் ரயில்வேக்குச் சொந்தம்னு நெனச்சுடாதீங்க. பாதிக்கு மேல தனி ஆள் ஒருத்தரோடதா இருக்கும், இல்ல ஒரு சின்ன ட்ரஸ்டோடதா இருக்கும், ரயில்வே அத ஒப்பந்தம் போட்டு ஓட்டிட்டு இருக்கும். அந்த ஒப்பந்தத்த கையில வாங்கி கடைசிப் பக்கம் வரைக்கும் படிங்க. எது தினசரி ரிப்பேர், எது ஓவர்ஹால், எது யார் செலவு, ஓடற ஒவ்வொரு நாளுக்கும் எவ்வளவு ஓவர்ஹால் நிதிக்குப் போகுது, பாய்லர் சர்டிஃபிகேட் காலம் முடிஞ்சா எஞ்சின் எங்க நிக்கும், கழட்டின பாகங்கள யார் ஷெட்ல வைக்கிறது, இவ்வளவும் எழுத்துல இருக்கணும்.

எங்க கதைய சொல்றேன். ஒரு எஞ்சின் பாய்லர கழட்டிப் பாத்தா ஃபயர்பாக்ஸோட (நெருப்பு எரியற பெட்டி) செம்புத் தகடு நாங்க நெனச்சத விட ரொம்ப தேஞ்சு போயிருந்துச்சு. ஒப்பந்தத்துல ‘பாய்லர் ரிப்பேர்’னு மட்டும் இருந்துச்சு, தகடு மாத்தற அளவுக்குப் போனா யார் குடுக்கணும்னு ஒரு வரி இல்ல. ரெண்டு பக்கமும் நல்ல மனுஷங்கதான், ஆனா அந்த ஒரு வரி இல்லாததால பேசிப் பேசியே ஒன்றரை வருஷம் போச்சு, பாய்லர் தார்ப்பாய்க்குள்ள கெடந்துச்சு.

2. டிக்கெட் தேதிய வச்சு பதினஞ்சு வருஷ கேலண்டர் போடுங்க

இதுதான் இந்த வேலையோட உயிர். ஒரு ஸ்டீம் எஞ்சின் எப்ப நிக்கும்னு முடிவு பண்றது அதோட பாய்லர் சர்டிஃபிகேட் தேதி, நாங்க டிக்கெட்னு சொல்லுவோம். பிரிட்டன்ல வழக்கம் பத்து வருஷம். பலரும் இத சட்டத்துல எழுதியிருக்குன்னு நெனக்கறாங்க, அப்படி இல்ல. சட்டம் கேக்கறது எழுத்துல ஒரு பரிசோதனைத் திட்டம், பத்து வருஷம்ங்கிறது அந்தத் திட்டத்துல வர்ற கணக்கு. அதனால உங்க திட்டத்துல எந்த நாள்ல இருந்து எண்றாங்கன்னு பாருங்க. எஞ்சின் ஒரு நாள் கூட ஓடாம நின்னாலும் கடிகாரம் ஓடிட்டேதான் இருக்கும். நவம்பர்ல டெஸ்ட் முடிச்சுட்டு பெயின்ட் அடிக்கறேன், பித்தளை தேய்க்கறேன்னு ஜூன் வரைக்கும் வச்சிருந்தீங்கன்னா ஏழு மாச டிக்கெட் போச்சு.

இப்ப ஒரு கணக்கு. சீசன்ல தினமும் ரெண்டு எஞ்சின் வேணும், திடீர்னு ஒண்ணு மக்கர் பண்ணா மாத்த ஒண்ணு, ஆக மூணு. ஒரு எஞ்சின் பத்து வருஷம் ஓடும், வாலண்டியர்கள வச்சு ஓவர்ஹால் பண்ணா நாலு வருஷம் நிக்கும்னு வச்சுக்கோங்க. பதினாலு வருஷத்துல பத்து வருஷம்தான் கையில இருக்கு. மூணு எப்பவும் ஓடணும்னா நாலு எஞ்சின் பத்தாது, அஞ்சு வேணும். இந்தக் கணக்க கமிட்டில போட்டுக் காட்டினப்பதான் புதுசா எஞ்சின் வாங்கலாம்னு ஆசையா பேசிட்டு இருந்தவங்க இருக்கறத ஒழுங்கா ஓட்டலாம்னு ஒத்துக்கிட்டாங்க.

பெரிய பொறி என்னன்னா ரெண்டு டிக்கெட் ஒரே வருஷத்துல முடியறது. கேலண்டர்ல அப்படித் தெரிஞ்சா ஒண்ண ஒரு வருஷம் முன்னாடியே நிறுத்தி ஓவர்ஹால்ல போடுங்க. ஒரு வருஷ டிக்கெட்ட வீணாக்கறோமேன்னு மனசு அடிச்சுக்கும், எனக்கும் அடிச்சுக்கிச்சு. ஆனா ரெண்டும் சேர்ந்து நின்னா வெளிய இருந்து வாடகைக்கு எஞ்சின் எடுக்கணும், லாரில கொண்டு வரணும், அந்தச் செலவு அத விட ரொம்ப ஜாஸ்தி.

3. பரிசோதகர் இல்லாம ஸ்பேனர் தொடாதீங்க

இங்க பாய்லருக்கு உள்ள முக்கியமான சட்டம் 2000ஆம் வருஷத்து பிரஷர் சிஸ்டம்ஸ் விதிகள், சுருக்கமா பி.எஸ்.எஸ்.ஆர். அதுப்படி, தகுதியான ஒரு பரிசோதகர் ஒப்புக்கிட்ட எழுத்துத் திட்டம் இல்லாம பாய்லர்ல பிரஷர் ஏத்தவே கூடாது. அந்தப் பரிசோதகர் பெரும்பாலும் இன்ஷூரன்ஸ் கம்பெனி மூலமா வருவாரு. பரிசோதனை முடிஞ்சு 28 நாளுக்குள்ள எழுத்துல ரிப்போர்ட் குடுக்கணும், அது வரலேன்னா நீங்களே கேட்டு வாங்கி ஃபைல்ல வைங்க. தேதி தள்ளிப் போடணும்னா ஒரே ஒரு தடவைதான், அதுக்கும் பரிசோதகர் எழுத்துல சம்மதிக்கணும், தேதி முடியறதுக்கு முன்னாடியே ஓ.ஆர்.ஆர்.னு சொல்ற ரயில் ஒழுங்குமுறை அலுவலகத்துக்குத் தெரியப்படுத்தணும். இத நம்பி சீசன் டைம்டேபிள் போடாதீங்க.

ஓவர்ஹால் தொடங்கறப்பவே பரிசோதகர கூப்பிட்டு எந்தெந்தக் கட்டத்துல வந்து பாப்பாருன்னு பேசி எழுதி வாங்குங்க. ட்யூப் (பாய்லருக்குள்ள சூடான புகை போற குழாய்) எல்லாம் எடுத்தப்புறம் காலி பாய்லர் ஒரு தடவை, ரிப்பேர் நடக்கறப்ப சில தடவை, தண்ணி டெஸ்ட், ஸ்டீம் டெஸ்ட். வசந்தத்துல எல்லா ரயில்வேயும் ஒரே நேரத்துல கூப்பிடும், அதனால ரெண்டு மூணு மாசம் முன்னாடியே தேதி பிடிச்சுடணும். நாங்க ஒரு தடவை அவசரத்துல, அவர் உள்ள பாக்கறதுக்கு முன்னாடியே ட்யூப் ஏத்த ஆரம்பிச்சுட்டோம். அவர் வந்து அமைதியா ‘எனக்கு உள்ள பாக்கணும்’னு சொன்னாரு, ரெண்டு வாரம் மாட்டின ட்யூப எல்லாம் எடுத்தோம், எடுத்த ட்யூப திரும்ப மாட்ட முடியல.

4. கழட்டறதுக்கு முன்னாடி

ஆஸ்பெஸ்டாஸ் சர்வே முதல்ல. பழைய எஞ்சின்ல பாய்லர் மேல சூடு வெளிய போகாம சுத்தியிருக்கற லாகிங்ல, கேஸ்கெட்ல, கயித்துல எல்லாம் இருக்கலாம். முன்னாடியே எடுத்தாச்சுன்னு யாராவது வாயால சொன்னா நம்பாதீங்க, சர்டிஃபிகேட் கேளுங்க, இல்லேன்னா சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்புங்க. இது நுரையீரல் விஷயம்.

தூக்கற சாமான் எல்லாத்துக்கும் நடப்பு சர்டிஃபிகேட் இருக்கான்னு பாருங்க. க்ரேனுக்கு பன்னெண்டு மாசத்துக்கு ஒரு தடவை, செயின், ஸ்லிங், ஷாக்கிள் மாதிரிச் சாமானுக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை.

அப்புறம் ஃபோட்டோ. ஒவ்வொரு பைப்பும் எங்க வளையுது, எந்த பிராக்கெட்ல நிக்குது, எந்த போல்ட் எந்தப் பக்கம் இருந்து வந்திருக்குன்னு பிடிச்சுக்கோங்க. இன்னிக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும், நாலு வருஷம் கழிச்சு மாட்டறப்ப கழட்டின ஆள் இருக்கவே மாட்டாரு. பாகத்துக்கு பித்தளைத் தகடுல நம்பர் குத்தி கம்பில கட்டுங்க. காகிதச் சீட்டு எண்ணெய்ல ஊறிடும், மார்க்கர் பேனா எழுத்து துரு எடுக்கறப்ப போயிடும்.

5. பாய்லர்: நேரமும் பணமும் போற இடம்

வெளிய பளபளன்னு இருக்கும், அத வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க. காலி பண்ணி, உள்ள உப்பு தட்டி, பிளாஸ்ட் பண்ணி, அல்ட்ராசவுண்ட் மீட்டர வச்சு தகட்டோட தடிமன கட்டம் கட்டமா அளந்து படத்துல குறிச்சாத்தான் நிலைமை தெரியும். முக்கியமா பாக்க வேண்டிய இடம்: ஸ்மோக்பாக்ஸ் (புகை வந்து சேர்ற முன்பக்கப் பெட்டி) அடிப்பக்கம், ஈரச் சாம்பல் தங்கி தின்னுருக்கும். ஃபயர்பாக்ஸ் சைடுல நெருப்பு படற மட்டம். ஃபவுண்டேஷன் ரிங்குக்கு (ஃபயர்பாக்ஸையும் வெளிக் கூட்டையும் அடியில சேர்க்கற வளையம்) மேல மூலைகள், அங்க உள்பக்கமா பள்ளம் கீறினாப்ல விழும். பாய்லர கழுவறதுக்கு வச்சிருக்கற வாஷ்அவுட் பிளக், மட் டோர் ஓட்டைகளச் சுத்தி. ட்யூப்பிளேட்ல (ட்யூப் நுனிங்க மாட்டற தகடு) ரெண்டு ஓட்டைக்கு நடுவுல இருக்கற ஒடுங்கின இடத்துல வெடிப்பு.

ஸ்டே பத்திக் கொஞ்சம் சொல்லணும். உள் ஃபயர்பாக்ஸையும் வெளிக் கூட்டையும் சேர்த்துப் பிடிக்கிற தண்டுங்க, பெரிய எஞ்சின்ல ஆயிரத்துக்கு மேல இருக்கும். அத சோதிக்கிறது சுத்தியல வச்சு. ரிட்டையர் ஆன பாய்லர் மேஸ்திரி ஒருத்தர் எனக்குக் கத்துக் குடுத்தாரு. ஃபயர்பாக்ஸுக்குள்ள கூனி உக்காந்து, சின்ன சுத்தியலால ஒவ்வொரு ஸ்டே தலையிலயும் ஒரு தட்டு. நல்லதுன்னா கணீர்னு கேக்கும், சுத்தியல் தானா துள்ளித் திரும்பும். உடைஞ்சதுன்னா சத்தம் செத்து வரும், சுத்தியல் அங்கயே உக்காந்துக்கும். அவர் கண்ண மூடிட்டுத் தட்டிட்டே போவாரு, நான் பின்னாடியே சாக்பீஸால வட்டம் போட்டுட்டே போவேன், சாயங்காலம் வெளிய வந்து எண்ணிப் பாத்தா முப்பத்தஞ்சு வட்டம். இந்தக் காது புத்தகத்துல வராது, உங்க ஷெட்ல அப்படி ஒரு பெரியவர் இருந்தா இந்த வாரமே கூட உக்காருங்க.

வேலைய வெளிய குடுக்கறதா உள்ளயே பண்றதான்னு அப்புறம் முடிவு பண்ணுங்க. பிரிட்ஜ்நார்த்ல இருக்கற செவர்ன் வேலி ரயில்வேயோட பாய்லர் ஷாப் மாதிரி வெளி வேலை எடுக்கற இடங்கள் உண்டு, ஜெர்மனில மைனிங்கன் வொர்க்‌ஷாப் உண்டு, இங்கிலாந்துல புதுசா செஞ்ச டொர்னேடோங்கிற ஸ்டீம் எஞ்சினுக்கு பாய்லர் அங்கதான் செஞ்சாங்க. ஆனா எல்லா இடத்துலயும் க்யூ இருக்கு. உங்க டிக்கெட் முடியறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே பேசி இடம் பிடிங்க. முடிஞ்சப்புறம் பேசினா எஞ்சின் சும்மா நிக்கிற காலம்தான் நீளும்.

பேப்பர்: தகடு, ட்யூப், ஸ்டே கம்பி எது வாங்கினாலும் அந்த வார்ப்புக்கான 3.1 மில் சர்டிஃபிகேட்டோட (உலோகத்த செஞ்ச ஆலை சோதிச்சுத் தர்ற சான்று) வாங்குங்க. வெல்டருக்கு அந்த வேலைக்கான கோடிங் (தகுதிச் சான்று) நடப்புல இருக்கணும். சர்டிஃபிகேட் இல்லாத இரும்பு எவ்வளவு சீப்பா கெடச்சாலும் பாய்லருக்கு வேண்டாம், பரிசோதகர் ஒத்துக்க மாட்டாரு, ஒத்துக்கக் கூடாது.

6. கீழ்ப்பக்க வேலை

பாய்லர் வெளிய போயிருக்கற காலத்துல ஃப்ரேம், சக்கரம், சிலிண்டர் எல்லாம் முடிச்சுடணும். ஃப்ரேம்ல ஹார்ன்கைட் (ஆக்ஸில்பாக்ஸ் மேலயும் கீழயும் நகர்ற வழிகாட்டி) மூலைகள்ல வெடிப்பு இருக்கான்னு சாயம் போட்டுப் பாருங்க. ஆக்ஸிலையும் க்ராங்க் பின்னையும் அல்ட்ராசானிக் டெஸ்ட் பண்ணணும். டயர் தடிமன் அடுத்த பத்து வருஷத்துக்குத் தாங்குமான்னு இப்பவே அளங்க, நடுவுல டயர் மாத்தணும்னா மறுபடி எஞ்சின தூக்கணும். ஆக்ஸில்பாக்ஸுக்கு (சக்கர அச்சு சுத்தற பேரிங் பெட்டி) ஒயிட்மெட்டல்ங்கிற மெதுவான பேரிங் உலோகம் ஊத்தறது, சிலிண்டர் போரிங் எல்லாம் பண்ற ஆட்கள் குறைஞ்சுட்டே வர்றாங்க, அவங்க நேரத்தையும் முன்னாடியே கேட்டு வைங்க.

7. பணம்

நடுத்தர சைஸ் எஞ்சினுக்கு முழு ஓவர்ஹால்னா இன்னிக்கு பல லட்சம் பவுண்டு. பெரிய உதாரணம் பிரிட்டனோட புகழ்பெற்ற ஸ்டீம் எஞ்சின் ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன். 2006ல தொடங்கின ஓவர்ஹால் 2016ல முடிஞ்சுது, 42 லட்சம் பவுண்டு ஆச்சு. புத்தம் புதுசா செஞ்ச டொர்னேடோ 2008ல முடிஞ்சப்ப சுமார் 30 லட்சம்தான். கழட்டி, அளந்து, பட்டியல் போடறதுக்கு முன்னாடி மொத்தத் தொகைன்னு ஒண்ண கமிட்டிக்குச் சொல்லிடாதீங்க, அந்த நம்பர்தான் கடைசி வரைக்கும் உங்கள துரத்தும். ரெண்டு கட்டமா கேளுங்க. முதல்ல கழட்டிப் பரிசோதிக்க மட்டும் ஒரு தொகை, ரிப்போர்ட் வந்தப்புறம் வேலைக்கு ஒரு தொகை, அதுல குறைஞ்சது மூணுல ஒரு பங்கு கூடுதலா ஒதுக்கி வைக்கச் சொல்லுங்க.

கொட்டேஷன் வந்தா வாட் (விற்பனை வரி) சேர்த்தா சேர்க்காமலான்னு பாருங்க. எஞ்சின் வச்சிருக்கற சின்ன குழு வாட் பதிவு பண்ணலேன்னா அந்த 20 சதவீதம் திரும்ப வராது. குழு சாரிட்டியா இருந்தா நன்கொடைக்கு கிஃப்ட் எய்ட் படிவம் கட்டாயம் வாங்குங்க, வருமான வரி கட்டற ஒருத்தர் ஒரு பவுண்டு குடுத்தா அரசாங்கத்துகிட்ட இருந்து 25 பென்ஸ் வரும். வாசல்ல உண்டியல் வைக்கறத விட ‘ஒரு ட்யூபுக்கு ஸ்பான்சர் பண்ணுங்க’ன்னு கேட்டப்ப எங்களுக்கு நல்லா வந்துச்சு, தான் குடுத்த ட்யூப் எங்க போகுதுன்னு பாக்க குடும்பத்தோட வந்தாங்க.

ஆர்டர் பண்ற வரிசையும் பணம்தான். செம்புத் தகடு, வார்ப்புகள், டயர், இதெல்லாம் வர மாசக்கணக்கு ஆகும், இத முதல்ல ஆர்டர் பண்ணுங்க. பெயின்ட், பித்தளை, பேர்ப்பலகை கடைசியில. நன்கொடையாளர்களுக்கு பெயின்ட் அடிச்ச கேப் (டிரைவர் நிக்கிற கூண்டு) காட்டணும்னு ஆசை இருக்கும், புரியுது, ஆனா கைல இருக்கற பணம் அங்க போயிடக் கூடாது.

8. டெஸ்ட்

தண்ணி டெஸ்ட்ல வேலை பிரஷர விட எவ்வளவு கூட ஏத்தணும்னு பரிசோதகர் எழுதிக் குடுப்பாரு. காத்து ஒரு பொட்டு கூட உள்ள இல்லாம நிரப்புங்க, தண்ணி அழுந்தாது, காத்து அழுந்தும், ஏதாவது விட்டுச்சுன்னா அந்தக் காத்துதான் ஆபத்து. கேஜ்களுக்கு நடப்பு காலிப்ரேஷன் சர்டிஃபிகேட் வேணும். பரிசோதகர் வர்றதுக்கு முன்னாடி நாளே நீங்க ஒரு தடவை பண்ணிப் பாத்துடுங்க.

ஸ்டீம் டெஸ்ட்ல பெரிய நெருப்பு போட்டு சேஃப்டி வால்வ் மட்டும் ஸ்டீம வெளிய விடற மாதிரி வைப்பாங்க, பிரஷர் வேலை அளவ விட 10 சதவீதத்துக்கு மேல ஏறக்கூடாது. முதல் நெருப்ப மெதுவா போடுங்க, முந்தின நாளே சின்னதா மூட்டி இரவு முழுக்க சூடாக விடுங்க. அவசரமா சூடேத்தினா செம்பும் இரும்பும் வேற வேற வேகத்துல விரிஞ்சு ட்யூப் நுனி எல்லாம் ஒழுகும்.

அப்புறம் ஓட்டிப் பாக்கறது. முதல்ல தனி எஞ்சின், அப்புறம் காலிப் பெட்டி, அப்புறம் முழு ரயில். ஒவ்வொரு நிறுத்தத்துலயும் இறங்கி ஆக்ஸில்பாக்ஸ புறங்கையால தொட்டுப் பாத்து நோட்ல எழுதுங்க. இதுக்கு ஒரு மாசம் ஒதுக்கணும். ஈஸ்டர் சனிக்கிழமை முதல் ட்ரிப்னு விளம்பரம் குடுத்துட்டு மார்ச் கடைசியில ஸ்டீம் டெஸ்ட் வைக்காதீங்க.

9. ஓட ஆரம்பிச்சப்புறம்

தண்ணி. உங்க ஊர்த் தண்ணி கடினத் தண்ணின்னா உள்ள சுண்ணாம்பு படியும். சரியான மருந்து, தினமும் தண்ணி சோதனை, ப்ளோடவுன் (பாய்லர் அடியில சேர்ற அழுக்குத் தண்ணிய வெளிய விடறது), எல்லாத்துக்கும் ஒரு நோட்டு. குறிச்ச நாளுக்கு ஒரு தடவை வாஷ்அவுட், எல்லா பிளக்கையும் கழட்டி, பைப் விட்டு, கம்பி விட்டுக் குத்தி, வர்ற தண்ணி தெளியற வரைக்கும். வெளிய வந்த உப்பு ஓட எடுத்து தடிமன் பாத்து ஒரு டப்பால தேதி போட்டு வைங்க, மருந்து வேலை செய்யுதான்னு அதுவே சொல்லும்.

கேஜ் க்ளாஸ் (பாய்லர் தண்ணி மட்டத்தக் காட்டற கண்ணாடிக் குழாய்) வழிய அடைக்காம பாத்துக்கறதுல எந்த விட்டுக்குடுக்கலும் கிடையாது. 1995 ஜூன்ல அமெரிக்கால கெட்டிஸ்பர்க் ரயில்வேல 1278ங்கிற எஞ்சின்ல தண்ணி குறைஞ்சு ஃபயர்பாக்ஸ் மேல்தகடு பிய்ஞ்சுது, கேப்ல இருந்த மூணு பேருக்கு தீக்காயம். விசாரணைல பாத்தா தண்ணி மட்டம் காட்டற வழியே உப்பு படிஞ்சு அடைபட்டுக் கெடந்துச்சு. அதுக்கப்புறம்தான் அங்க விதியே முழுசா மாத்தி எழுதினாங்க. புதுசா வர்ற ஒவ்வொரு ஃபயர்மேனுக்கும் முதல் நாள் நான் இத சொல்றேன், சொல்லிட்டு கேஜ் க்ளாஸ ப்ளோ பண்ணிக் காட்டச் சொல்றேன்.

நிலக்கரிக்கும் திட்டம் வேணும். வேல்ஸ்ல ஃபோஸ்-இ-ஃப்ரான் சுரங்கம் 2023 நவம்பர்ல மூடினதுல இருந்து பெரும்பாலும் கப்பல்ல வர்ற கரிதான், ஒவ்வொரு தடவையும் கரியோட குணம் மாறும். மொத்தமா வாங்கறதுக்கு முன்னாடி ஒரு லோடு எடுத்து உங்க எஞ்சின்லயே எரிச்சுப் பாருங்க, கம்பிமேல கெட்டி பிடிக்குதா, ட்யூப் அடைக்குதான்னு டிரைவர்கிட்ட எழுதி வாங்குங்க.

குளிர்காலத்துல எஞ்சின நிறுத்தறப்ப தண்ணிய முழுசா இறக்கி, இன்ஜெக்டர் (பாய்லருக்குத் தண்ணி ஏத்தற கருவி) பைப், பம்ப், கேஜ் எல்லாத்துலயும் வடிச்சு, ஸ்மோக்பாக்ஸ் சாம்பல காலி பண்ணி காய விடுங்க. எங்க ஷெட்ல இதுக்கு ஒரு பட்டியல் கேப் கதவுல தொங்குது. ரெண்டு பேர் தனித்தனியா டிக் பண்ணி கையெழுத்துப் போட்டாத்தான் ஷெட் சாவிய வாங்கிக்குவேன்.